எதைக் கேட்டாலும் எண்பது

கச்சிராயபாளையம்,
ஆகஸ்ட் 6.

அன்புள்ள மருமகள் செலினாவுக்கு,

உன் தாய்மாமன் சூசை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசு நன்றாயில்லை, அது எனக்கு மட்டும். சென்னையில் நீயும் மாப்பிள்ளை சாமும் சௌக்கியமாக இருக்க ஞாயிறுதோறும் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். உன் அம்மா, செபஸ்தியம்மாள் அக்காவின் முழங்கால் வலி தேவலையா என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவே கேள்வி கேட்பாய். கேள்வி கேட்டால் நான் பதில் சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தால்தான் இத்தனை வினையும் வந்தது, ஆகவே இந்த ஒரு தடவை குறுக்கே யாரும் கேட்காமல் முழுக்கச் சொல்லி முடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன்.

காரியத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்னிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். உன் கம்பெனி பெயர் அச்சடித்த தாளாக இருந்தால் ரொம்ப நல்லது. "வெள்ளிமலை சாமை விவசாயிகள் குழுவுக்கு நான் எழுதிக்கொடுத்த மழைக் கணக்கு புரோகிராமில் கோளாறு ஏற்பட்டுவிட்டது, இதற்கு என் மாமா திரு. சூசை எவ்விதத்திலும் பொறுப்பல்ல" என்று இரண்டு வரி. இங்கிலீஷில் இருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஏன் என்று கேட்காமல் எழுதித் தருகிற பெண் நீ இல்லை என்பதால் மேலே படி.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு இருபத்தொன்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் ஓய்வு பெற்ற பிறகு மலைமேல் மழைக் கணக்குப் பார்க்கப் போனது உன்னால்தான். வெள்ளிமலையில் சாமை விதைக்கிறவர்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தபோது, என் மருமகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவள் என்று நான் பெருமையடிக்கப் போய், அவர்கள் அதை மெய்யென்று பிடித்துக்கொள்ள, நீயும் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாய். இருபது வருஷ மழையோடு இந்த வருஷ மழையையும் சேர்த்து, அடுத்த பத்து நாளில் இருபத்தைந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்ய நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று அது சொல்லும். பெய்தால் விதை முளைத்து நிற்கும், பெய்யாவிட்டால் முளைத்தது காய்ந்துபோகும். எப்படிச் சொல்கிறது என்று கேட்டேன். மழையையெல்லாம் ஒரு மேடு மாதிரி கோடாக வரைந்து, அந்த மேட்டில் எத்தனை பங்கு இருபத்தைந்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது என்று அளப்பதாகச் சொன்னாய். காமா பரவல் என்று பெயர் சொன்னாய். அந்த மேட்டுக்குப் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் நிலமே கிடையாது என்றும் சொன்னாய். அப்போது தலையாட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் மலை பஸ்ஸில் போய் லேப்டாப்பைத் திறந்து, ஐம்பத்து மூன்று, நாற்பத்தாறு என்று வந்ததை வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் முழுக்க நல்லபடியாகத்தான் போனது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் நல்லவன்.

ஜூலை மூன்றாம் தேதி குழுக் கூட்டம். முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், வேளாண்மை அதிகாரி ஒருவரும் வந்திருக்கிறார், குழுத் தலைவர் பொன்னுரங்கம் எனக்குத் துண்டு போடப் போகிறார் என்று காற்றுவாக்கில் சேதி வேறு. பட்டனைத் தட்டினால் சிவப்பு எழுத்தில் "பிழை. எதிர்மறை மழை. கணக்கு நிறுத்தப்பட்டது" என்று வந்து நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி சிவப்பு. அதிகாரி எட்டிப் பார்த்து, "எதிர்மறை மழைன்னா கீழேர்ந்து மேல பெய்யுமா சார்?" என்று கேட்டார். முப்பது பேரும் சிரித்தார்கள். துண்டு அதிகாரிக்குப் போய்விட்டது. அந்த மழை எப்படி எதிர்மறையானது என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. என்னை முப்பது பேருக்கு முன்னால் சிவப்பாக்கிவிட்டதே என்பதுதான் மனசில் நின்றது. கீழே இறங்கி வந்ததும் உனக்குப் போன் போட்டுக் கத்தினேன், நினைவிருக்கும்.

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். கணக்குப் போட முடியாத இடங்கள் பல வகை, எல்லைக்கு வெளியே உள்ள எண் வருவது ஒன்று, எண் பெருத்து வழிந்துபோவது ஒன்று, எத்தனை தடவை சுற்றினாலும் விடை ஓரிடத்தில் நிற்காமல் ஓடுவது ஒன்று. அந்தந்த வகைக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாமே எழுதிவைக்கலாம் என்றாய். கத்திவிட்டு நிற்கச் சொல்லலாம், அல்லது விடைக்குப் பதில் "எண் இல்லை" என்று ஒரு குறியை மட்டும் தரச் சொல்லலாம், அல்லது ஓரமாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு மேலே போகச் சொல்லலாம், இது எதுவும் பிடிக்காவிட்டால் நம் சொந்தப் பதில் ஒன்றை வைத்து அதைச் சொல்லச் சொல்லலாம் என்றாய். எந்த ஃபைலில் மாற்றுவது என்றும் காட்டினாய். கடைசியில், "மாமா, மத்தத எப்படி வேணா மாத்திக்குங்க. எல்லைக்கு வெளிய போற எண்ணுக்கு மட்டும் அது கத்தட்டும். கத்துறதுதான் நமக்கு நல்லது" என்றாய். சிக்னல் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். கேட்டுவிட்டு நேராகப் போய் அதைத்தான் மாற்றினேன்.

முதலில் "எண் இல்லை" என்று வைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஜீப் ஓட்டுகிற சந்தோஷ் வந்து, "இன்னா சார், கவர்மென்ட் ஆபீசு மாரி இல்ல இல்லன்னுகினு இருக்குது?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாம் வழியில் குறிப்பேட்டைத் திறந்துவைத்தேன், ஆனால் அதை யார் படிப்பது? வெள்ளிக்கிழமை அதை மூடாமலே நான்காம் வழிக்கு வந்தேன். என்ன பதில் வைப்பது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வந்து வெள்ளிமலை பஸ் எப்போ என்று கேட்டவர்களுக்கு இருபத்தொன்பது வருஷமாக ஒரே பதில், "இதோ வந்துகினே இருக்குது." தெரியாது என்று சொன்னால் ஆள் அடுத்த கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவான், முதலாளி என்னைத்தான் பிடிப்பார். அப்படிச் சொன்னதில் பத்துக்கு எட்டுத் தடவை பஸ் வரத்தான் செய்தது. அந்தக் கணக்கில் எண்பது என்று வைத்தேன். "வாய்ப்பு நூற்றுக்கு எண்பது. நல்ல காலம்." பச்சை எழுத்து.

செலினா, அந்த எண்பது வந்த பிறகு எனக்கு மலைமேல் இருந்த மரியாதையை நீ பார்த்திருக்க வேண்டும். எப்போது தட்டினாலும் எண்பது. பொன்னுரங்கம், "மிஷினுன்னா இதுதான்யா மிஷினு, ஒரே பேச்சு, பேச்சு மாறுறதே இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். சந்தோஷ் விளையாட்டாக, "சார், பத்து நாள்ல அஞ்சாயிரம் மில்லி பெய்யுமான்னு கேளுங்க" என்றான். தட்டினேன். எண்பது. ஐயாயிரம் மில்லி பெய்தால் கள்ளக்குறிச்சியே கோமுகி அணைக்குள் போய்விடும். நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், நானும் சிரித்தேன், டீ குடித்தோம், போய்விட்டோம். அந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஜூலை பதினான்கு, செவ்வாய்க்கிழமை. தைலம்மாள் வந்தார். குழுவில் ஒருவர், ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம், வீட்டில் வேறு ஆண் துணை கிடையாது. மற்றவர்கள் எல்லாம் ஜூன் மழையிலேயே விதைத்துவிட்டார்கள், அந்தப் பயிர் வேர் பிடித்துவிட்டது. இவர் மகளின் பிரசவத்துக்காகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் தங்கிவிட்டதால் பின்தங்கிப்போனார். பன்னிரண்டாம் தேதி ஒரு மழை பெய்திருந்தது. "சூசையண்ணே, ஒரே ஒரு மூட்ட வெதைதான் இருக்குது. வுட்டா வேற கெடயாது. முந்தாநாளு பேஞ்ச மாரி இன்னும் பெய்யுமா? இன்னா சொல்லுது உங்க பொட்டி?" என்று கேட்டார். பெட்டி வழக்கம்போல எண்பது காட்டியது. உண்மையைச் சொன்னால் அது காட்டுவதற்கு முன்பே என் வாயில் வந்துவிட்டது. "எண்பது தைலம்மா! நூத்துக்கு எண்பது! தாராளமா வெதைக்கலாம்!" அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிங்கண்ணே" என்றார். குழுவின் அறையில் வைத்திருந்த தன் விதை மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அன்றிலிருந்து இன்றுவரை இருபத்து மூன்று நாள், மலையில் ஒரு பொட்டு மழை இல்லை. முதல் வாரம் வானத்தைப் பார்த்தேன். இரண்டாம் வாரம் வானத்தைப் பார்ப்பதை விட்டேன். அப்புறம் மலைக்குப் போவதையே விட்டுவிட்டு, எனக்குக் காய்ச்சல் என்று பொன்னுரங்கத்திடம் சொல்லிவைத்தேன். அந்த ஒரு மூட்டையில்தான் அந்த வீட்டின் வருஷச் சாப்பாடும் அடுத்த வருஷ விதையும் இருக்கிறது. முளைத்துக் காய்ந்திருந்தால் பிள்ளை பெற்ற மகளுக்கு அவர் எதைப் பொங்கிப் போடுவார்? இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன் அத்தை, காய்ச்சல் என்று பொய் சொன்னதற்கு நிஜமாகவே வரப்போகிறது என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை சொல்கிறாள்.

போன ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, லேப்டாப்பைத் திறந்து அந்த ஓரக் குறிப்பேட்டை முதல் முறையாகப் படித்தேன். பதினேழு வரி இருந்தது. பதினேழும் ஒரே வரி. "எல்லைக்கு வெளியே உள்ள எண். கணக்கு நடக்கவில்லை. சூசையின் பதில் தரப்பட்டது." அந்த நான்காம் வழிக்கு நீ வைத்த பெயர் "சூசையின் பதில்" என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அதாவது பதினேழு தடவையும் மழையைப் பற்றி எந்தக் கணக்கும் நடக்கவில்லை, நான் என்னிடமே கேட்டு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த எதிர்மறை மழை எங்கிருந்து வந்தது என்று ஒரு மாதம் கழித்து அப்போதுதான் தேடினேன். ஜூலை ஒன்றாம் தேதி, கழித்தல் ஒன்பது. மழைமானியைப் பார்த்துத் தினமும் எழுதுகிற முனியனுக்குப் போன் போட்டேன்.

"அய்யா, அதுங்களா? மாரியம்மன் திருவிழா கடைசி நாளு மஞ்சத்தண்ணி ஊத்துனாங்க இல்லீங்களா, எவனோ மழமானிலயும் ஊத்திட்டான் போலக்கிது. நான் மழன்னு நெனச்சி ஒம்பதுன்னு எழுதிட்டேன். அப்பறம் பாத்தா மஞ்சளா இருக்குது" என்றான்.

"அதை அடிச்சிட்டு பூஜ்யம்னு எழுத வேண்டியதுதானேடா?" என்றேன்.

"எழுதுனத அடிக்கவே கூடாது, தப்பா இருந்தா மறுநாளு கழிச்சிக் காட்டணும், அதான் நாணயம்னு நீங்கதானங்க சொல்லிக் குடுத்தீங்க? அதான் மறுநாளு ஒம்பது கழிச்சிட்டேன்."

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பஸ் கம்பெனியில் டிரிப் ஷீட்டில் அப்படித்தான் எழுதுவோம். அவன் ஒன்பது எழுதிய ஜூன் முப்பதாம் தேதியோடு ஒரு பத்து நாள் முடிந்துபோனதால் அந்தக் கழித்தல் மட்டும் அடுத்த பத்து நாளில் தனியாக விழுந்து, மொத்தமே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. முனியன் யோக்கியன், தன் தவறை ஒளிக்காமல் எழுதியிருக்கிறான். உன் புரோகிராமும் யோக்கியமாகத்தான் இருந்திருக்கிறது, இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது என்று எல்லோர் எதிரிலும் கூச்சப்படாமல் சொல்லியிருக்கிறது. நடுவில் இருந்தவன் ஒருவன்தான் வாயைப் பொத்திப் பச்சை எழுத்துப் போட்டான்.

ஒன்று சொல்கிறேன், இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. பஸ் ஸ்டாண்டில் பத்துக்கு எட்டுத் தடவை பஸ் வந்தது என்று மேலே எழுதினேன். வராத அந்த இரண்டைப் பற்றி நான் என்றைக்கும் நினைத்ததில்லை. இந்த நாலு நாளாக நினைக்கிறேன். ஒரு தடவை கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு பெண் வந்து கேட்டது. வழக்கம்போல "இதோ வந்துகினே இருக்குது" என்றேன். அன்றைக்கு அந்த டிரிப்பே கிடையாது என்பது எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தெரிந்த பிறகும் போய்ச் சொல்லவில்லை, சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடுமே. அந்தப் பெண் மூன்று மணி நேரம் நின்றது. நடுவில் இரண்டு ஜீப் மலைக்குப் போனது, நான் வரும் என்று சொன்ன பஸ்ஸை நம்பி அது ஏறவில்லை. அந்தக் குழந்தை என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியாது செலினா. தெரியாது என்கிற வார்த்தையை இந்தக் காகிதத்தில் எழுதுவதற்கே கை கூசுகிறது.

உன் அத்தையைப் பார். குழம்பு கொதிக்கும்போது புளி இல்லை என்று தெரிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு, நான் கடைக்குப் போய் வரும்வரை கரண்டியைத் தொட மாட்டாள். நாற்பது வருஷமாக அதைக் குறை சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் நாற்பது வருஷமாகக் குழம்பு ஒரு தடவைகூடக் கெட்டதில்லை என்பதை இப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் தாங்க முடியாது.

இவ்வளவும் எழுதிய பிறகும் அந்தக் கடிதத்தை உன்னிடம் கேட்கத்தான் செய்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தைலம்மாள் எதிரில் போய் நின்று, நான் தெரியாமல் சொன்னேன், உங்கள் விதை போனது என்னால்தான் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. மிஷின் மேல் போட்டால் யாருக்கும் வலிக்காது. மிஷினுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆகவே முதலாவது, அந்த இரண்டு வரியும் ரப்பர் ஸ்டாம்ப்பும். இரண்டாவது, அந்த "சூசையின் பதில்" என்கிற இடத்தை அடியோடு பிடுங்கிப்போட்டுவிடு, மறுபடி நான் கேட்டாலும், அழுதாலும் வைத்துக் கொடுக்காதே. மூன்றாவது, தபாலில் அனுப்பும்போது உறையின் மேல் "அவசரம்" என்று எழுது.

மற்றபடி இங்கு கரும்பு நன்றாக நிற்கிறது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. அக்கா முழங்காலுக்கு அத்தை ஒரு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள், வரும்போது எடுத்துப் போகவும். பரலோகத் தகப்பன் உங்கள் வீட்டையும் வாசலையும் காத்து, உங்கள் கைத்தொழிலைக் கோளாறில்லாமல் நடத்தித் தருவாராக.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா,
சூசை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் தைலம்மாள் வந்து நிற்கிறார். மகளைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழியில், எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, ஒரு பை பலாச்சுளையோடு இறங்கியிருக்கிறார். விதை காஞ்சிபோச்சா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "வெதைக்கவே இல்லீங்களே! மூட்ட பரண்ல அப்படியே கெடக்குது. வண்டு வெக்குதேன்னு எடுத்துகினு போயி வெயில்ல காய வெச்சேன், அவ்ளோதான்" என்கிறார். நான் எண்பது என்று சொன்னேனே என்றேன். "சொன்னீங்க. மொதல்லலாம், நான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மின்ன, கேட்டா கண்ணாடியக் கழட்டித் தொடைப்பீங்க, இரும்மான்னுட்டு கம்முனு பாத்துகினு இருப்பீங்க, அப்பறமாதான் அம்பதோ நாப்பதோ சொல்லுவீங்க. அன்னிக்கு நான் கேட்டு வாய் மூடல, எண்பதுன்னுட்டீங்க. தெரிஞ்சவங்க அவ்ளோ சீக்கிரம் சொல்ல மாட்டாங்கண்ணே." அடுப்படியில் உன் அத்தை சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஆகவே நீ எனக்குக் கடிதம் எதுவும் எழுத வேண்டாம், ரப்பர் ஸ்டாம்ப்பும் வேண்டாம். அந்தக் கழித்தல் ஒன்பது, குறிப்பேடு, சூசையின் பதில் எல்லாவற்றையும் அவரிடம் நானே சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, "சரி, ஆவணி பொறக்கறதுக்குள்ள பெய்யுமா?" என்று கேட்டார். தெரியலம்மா என்றேன். அதுவரை நின்றபடியே பேசிக்கொண்டிருந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அப்ப சரி. இன்னாலாம் தெரியலன்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க, கேட்டுகினு போறேன்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கிறேன், முடிய நேரமாகும் போலிருக்கிறது.